பள்ளிச் சிறுவர்களின் மண் பாடமும் ஏரி வண்டலும்

கோடையில் ஏரி வற்றியபின், உரிய அனுமதி பெற்று அதன் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். மணற்பாங்கான நிலங்களுக்கு இது மிகுந்த நன்மை தருவதென்பது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. ஆயினும், வண்டல் என்று எண்ணி ஏற்றி வந்தது பெரும்பாலும் மணலாகவே இருந்து, வண்டிச் சத்தமும் ஆட்கூலியும் வீணாவதும் உண்டு. இந்த நஷ்டத்தைத் தவிர்ப்பதற்குரிய சோதனையை அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களே செய்து காட்டலாம். அதற்கு வேண்டுவன சில கண்ணாடிப் புட்டிகளும் ஓர் அளவுகோலுமே.

சிறுவர்கள் மண்ணின் வகைகளைப் புத்தகத்தில் படிக்கிறார்கள். ஆனால், நாள்தோறும் தாம் நடந்து வரும் வரப்பின் இருபுறமும் உள்ள மண் எத்தன்மையது என்று கேட்டால் அவர்களில் பலர் விடையறியாது நிற்பர். கையால் செய்யும் தொழிலை நடுவாகக் கொண்டே கல்வி அமைய வேண்டுமென்று 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தினார். உழவுத் தொழில் நடைபெறும் ஊரில் அதற்கேற்ற பாடம் மண்ணைப் பற்றியதே. இங்கே மூன்று பாடங்களைக் கூறுவோம்.

முதற் பாடம்: புட்டிச் சோதனை

சோதிக்க வேண்டிய நிலத்தில் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, கட்டிகளைப் பொடித்து, கல்லையும் வேரையும் நீக்குக. நேரான பக்கங்களையுடைய கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு இம்மண்ணை இட்டு, கழுத்து வரை நீர் வார்த்து, ஒரு சிறு கரண்டி சலவைச் சோடாவைச் சேர்க்க வேண்டும். சோடாவை உபாத்தியாயரே இடுவது நலம். கரிசல் மண்ணாயின் ஓரிரவு ஊற விடுக. பின்னர்ப் புட்டியை மூடிப் பத்து நிமிஷம் நன்றாகக் குலுக்கி, மேடைமேல் அசையாது வைக்க வேண்டும்.

ஒரு நிமிஷத்திற்குள் அடியில் தங்குவது மணல். அதன் மட்டத்தைப் புட்டியின்மேல் கோடிட்டுக் குறிக்கவும். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பொடிமண். நீர் தெளிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அதுவரை மிதந்து கடைசியாகப் படிவதே களி. படிந்த மண்ணின் மொத்த உயரம் 10 சென்டிமீட்டராகவும், மணலின் உயரம் 7 சென்டிமீட்டராகவும் இருப்பின், அம்மண்ணில் சுமார் 70 சதவீதம் மணல் என்று கொள்ளலாம். களி நீரில் உப்பி நிற்குமாதலால் இக்கணக்கு உத்தேசமானதே. எனினும், இரண்டு நிலங்களை ஒப்பிட்டறிய இது போதும்.

களியின் துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கினும் சிறியது. அவ்வளவு சிறியதாகையால் அதன் மொத்த மேற்பரப்பு மிக அதிகம். நீரையும் உரச்சத்தையும் பற்றி நிறுத்துவது அப்பரப்பே. மணல் மிகுந்த நிலத்தில் ஒரே தடவையில் இட்ட தழைச்சத்து உரம் நீரோடு கீழே இறங்கிப் போவதும், அந்நிலத்திற்குச் சிறிது சிறிதாகப் பல முறை நீர் பாய்ச்ச வேண்டியிருப்பதும் இதனாலேயே.

புட்டிக்குள் நிகழ்வதே ஏரியிலும் நிகழ்கிறது. வெள்ளம் ஏரிக்குள் நுழைந்து வேகம் குறையும் இடத்தில் மணல் முதலில் தங்கிவிடுகிறது. களி, கரையையொட்டிய ஆழமான நீர் வரை மிதந்து சென்று அங்கே மெல்லப் படிகிறது. ஆகவே பங்குனி மாதத்தில், பள்ளி விடுமுறைக்கு முன், வரத்துக்கால் முகப்பு, ஏரியின் நடு, கரையோரம் ஆகிய மூன்றிடங்களிலும் மண்ணெடுத்து மூன்று புட்டிகளில் சோதித்தால், வண்டியை எங்கே நிறுத்துவதென்பது விளங்கிவிடும்.

இதனுடன் மற்றொன்றும் செய்க. உலர்ந்த மண்ணின் சிறு கட்டியொன்றைச் சோடா சேராத மழைநீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் வைக்கவும். கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் பரவுமாயின், அது களர்த்தன்மை உடையதோ என்று ஐயுற வேண்டும். அவ்வண்டலை மண் பரிசோதனை நிலையத்தில் காட்டிய பிறகே வயலில் இடுதல் தகும்.

இரண்டாம் பாடம்: சரிவும் புல்லும்

ஒரே அளவான இரண்டு தகரத் தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றொன்றின்மேல் புல்பத்தையைப் பதிக்கவும். இரண்டின் தலைப்பிலும் ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துச் சரிவாக்கி, பூவாளியால் இரண்டிற்கும் சம அளவு நீர் தெளித்து, வழியும் நீரைத் தனித்தனிப் பாத்திரங்களில் பிடிக்க வேண்டும். வெறுமண்ணிலிருந்து கலங்கல் நீர் விரைந்து வரும். புல்லிலிருந்து வருவது குறைவாகவும் தெளிவாகவும் இருக்கும். கலங்கலைத் தெளியவைத்து, அடிமண்ணை உலர்த்தி நிறுத்தால் நஷ்டம் எவ்வளவென்று கண்கூடாகத் தெரியும்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மேல்மண் கரைந்தோடினால், அது சுமார் 5 டன் எடையாகும். ஏரியிலிருந்து நாம் செலவு செய்து மீட்டு வரும் வண்டல், மேட்டு நிலங்களிலிருந்து இவ்வாறு இலவசமாய்ப் போனதே. ஐப்பசி மழைக்கு முன் இப்பாடத்தை நடத்தினால், சரிவுக்குக் குறுக்கே உழுவதன் அவசியமும், வரப்பைச் செப்பனிட்டு அதன்மேல் புல் வளர்ப்பதன் அவசியமும் பிள்ளைகள் வாயிலாகவே வீடுகளுக்கு எட்டும்.

மூன்றாம் பாடம்: மழைக் கணக்கு

நேரான பக்கங்களையுடைய பாத்திரம் எதுவாயினும் மழைமானியாகும். வாய் அகன்றதாயினும் குறுகியதாயினும், அதில் நிற்கும் நீரின் உயரம் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் இரண்டு பாத்திரங்களை வைத்துச் சோதித்தறியட்டும். மரத்துக்கும் சுவருக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்தில், திறந்த வெளியில் பாத்திரத்தை அசையாது நிறுத்தி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறிக்க வேண்டும். இந்திய வானிலைத் துறை மழையைக் கணக்கிடும் நேரமும் அதுவே. ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் 1 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீராகும் என்று கணக்கிட்டுப் பார்க்கும் சிறுவன், வரப்பை உயர்த்துவது எதற்காக என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

பெரியோர் செய்ய வேண்டியவை

நிலமுடையோர் தம் வயலில் மண்ணெடுக்கச் சிறுவர்களை அனுமதித்து, புட்டி தெளியும் நாளில் தாமும் பள்ளிக்குச் சென்று காண வேண்டும். கிராம அதிகாரிகள் ஏரி மண்ணெடுப்பதற்கு வேண்டிய வசதி செய்து தருவதோடு, மழைக் கணக்கை ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைக்கவும் ஏற்பாடு செய்யலாம். ஏரிக்கும் கிணற்றருகேயும் பிள்ளைகள் பெரியவர் துணையின்றிச் செல்லலாகாது.

இப்பாடங்களுக்கு ஆகும் செலவு ஒரு வண்டி வண்டலின் கூலிக்கும் ஈடாகாது. இந்த வயல்களை நாளை ஆளப்போகிறவர்கள் இச்சிறுவர்களே. தம் மண்ணின் குணமறிந்து அதை அவர்கள் கைக்கொள்ளும்படி செய்வது நம் கடமையாகும்.