சுவரில் பெரிய துளையிடல்: பொருத்தமான கருவியைத் தெரிவு செய்தல்

பாடம்: வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்

அறிமுகம்

வீடொன்றில் புதிதாக மலசலகூடம் அமைக்கப்படுகின்றது. 110 மி.மீ. விட்டமுள்ள பி.வி.சி. கழிவுக் குழாயை 225 மி.மீ. தடிப்புள்ள செங்கற் சுவரினூடாக வெளியே கொண்டு செல்ல வேண்டும். எக்கருவியைத் தெரிவு செய்வீர்?

"ட்றில் மெசின்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவடையாது. கருவி, அதில் பொருத்தும் அலகு, அதை இயக்கும் முறை ஆகிய மூன்றையும் காரணத்துடன் குறிப்பிட வேண்டும்.

1. தெரிவுக்கு முன் அறிய வேண்டியவை

- துளையின் விட்டமும் சுவரின் தடிப்பும்.
- சுவரின் பொருள்: செங்கல், உள்ளீடற்ற சீமெந்துக் கல், கருங்கல் அல்லது கொங்கிறீற்று.
- சுவரினுள் மறைந்துள்ள மின்வடங்கள், நீர்க்குழாய்கள்.
- அவ்விடம் தூண், வளை, லிண்டல் போன்ற பாரந்தாங்கும் உறுப்பா என்பது. அவ்வாறாயின் பொறியியலாளரின் அனுமதியின்றித் துளையிடலாகாது. உள்ளிருக்கும் வலுவூட்டற் கம்பி வெட்டுப்பட்டால் உறுப்பு பலமிழக்கும்.

2. கருவிகளும் அவற்றின் பயன்பாடும்

(அ) அதிர்வுத் துறப்பணம்: சுழற்சியுடன் இலேசான அடிகளையும் தரும். செங்கற் சுவரில் ஏறத்தாழ 12 மி.மீ. வரையான துளைகளுக்கு ஏற்றது.

(ஆ) சுழற்சிச் சுத்தியல் துறப்பணம்: உள்ளே ஆடுதண்டு ஒன்று காற்றை அழுத்துவதால் பலமான அடி உண்டாகின்றது. தங்குதன் காபைட்டு முனை கொண்ட திண்ம அலகினால், கொங்கிறீற்றிலும் ஏறத்தாழ 25 மி.மீ. வரையான துளைகளை இலகுவாக இடலாம்.

(இ) வைரக் கோர் பிட்: உள்ளீடற்ற உருளை வடிவானது, விளிம்பில் வைரத் துகள்கள் பதிந்த துண்டுகள் உள்ளன. இது உராய்ந்து வெட்டுவதால் சுழற்சி மட்டுமே தேவை. சுத்தியல் அடியை நிறுத்தாவிடின் வைரத் துண்டுகள் சிதையும். உள்ளீடற்ற சீமெந்துக் கல்லும் உடையும்.

(ஈ) உளியும் சுத்தியலும்: கோர் பிட் இல்லாதவிடத்து, வட்டத்தின் பரிதி வழியே சிறு துளைகளை நெருக்கமாக இட்டு, நடுப்பகுதியை உளியால் அகற்றலாம். செலவு குறைவு, எனினும் ஓரம் சீராக அமையாது.

3. ஏன் உள்ளீடற்ற அலகு?

குழாய் தடையின்றிச் செல்ல 127 மி.மீ. அலகைக் கொள்வோம். வெட்டு விளிம்பின் தடிப்பு 4 மி.மீ. எனின், வெளி ஆரை 63.5 மி.மீ., உள் ஆரை 59.5 மி.மீ. ஆகும்.

வெட்டப்படும் பங்கு = (63.5² − 59.5²) ÷ 63.5² = 492 ÷ 4032 ≈ 12%

அதாவது துளையின் பரப்பில் 12% மாத்திரமே அரைக்கப்படுகின்றது. எஞ்சிய 88% கட்டியாகக் கழன்று வரும். வேலை குறைவதற்கும் ஓரம் சீராக அமைவதற்கும் காரணம் இதுவே.

4. செயன்முறை

1. மையத்தைக் குறித்து, வழிகாட்டித் துளையைச் சுவரின் மறுபுறம் வரை இடுக. அது வெளிப்புறமாகச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். அப்போதே கழிவு தேங்காது, மழைநீரும் உட்புகாது.
2. கோர் பிட்டைப் பொருத்தி, சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி, குறைந்த வேகத்தில் வெட்டுக.
3. அடிக்கடி வெளியே இழுத்துத் தூசை அகற்றுக.
4. சுவரின் பாதித் தடிப்பைக் கடந்ததும் மறுபுறமிருந்து வெட்டுக. ஒரே புறமிருந்து தள்ளினால் மறுபுறச் சாந்து பெயர்ந்து விழும்.
5. குழாயைப் பொருத்தி, இடைவெளியைச் சீமெந்துச் சாந்தினால் நிரப்புக.

5. பாதுகாப்பு

விசையின் திருப்பம் = விசை × செங்குத்துத் தூரம் என விஞ்ஞானத்தில் கற்றுள்ளீர்கள். 12 மி.மீ. அலகின் ஆரை 6 மி.மீ.; 127 மி.மீ. அலகின் ஆரை 63.5 மி.மீ. எனவே விளிம்பில் ஒரே அளவு விசை தாக்கினாலும் திருப்பம் பத்து மடங்கிலும் அதிகமாகும். அலகு இறுகி நின்றால், சுழற்சி முழுவதும் இயக்குபவரின் கைக்கு மாறும். மணிக்கட்டு முறியவும் கூடும். ஆகவே பாதுகாப்புக் கிளச்சும் பக்கக் கைபிடியும் உள்ள, வலுக்கூடிய துறப்பணத்தையே தெரிவு செய்தல் வேண்டும். இரு கைகளாலும் பிடித்து, கால்களை உறுதியாக ஊன்றி நிற்க வேண்டும்.

செங்கல், கொங்கிறீற்றுத் தூசில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். தூசு வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். நீர் பாய்ச்சித் துளையிடுவதற்கென ஆக்கப்பட்ட கருவியிலன்றி வேறெதிலும் நீரைப் பயன்படுத்தலாகாது. மின் இணைப்பில் ட்றிப் சுவிச் இருத்தல் அவசியம்.

மாதிரி வினாக்கள்

1. வைரக் கோர் பிட்டைப் பயன்படுத்தும்போது சுத்தியல் இயக்கத்தை நிறுத்த வேண்டியது ஏன்?
*விடை:* அது உராய்ந்து வெட்டும் அலகு. அடி விழுந்தால் வைரத் துண்டுகள் சிதையும்.

2. அறிமுகத்தில் தரப்பட்ட வேலைக்கு உரிய கருவித் தெரிவைக் காரணத்துடன் எழுதுக.
*விடை:* பாதுகாப்புக் கிளச்சுள்ள துறப்பணம், 127 மி.மீ. வைரக் கோர் பிட், சுத்தியலற்ற குறைந்த வேகச் சுழற்சி. குழாயிலும் பெரிய, சீரான துளை கிடைக்கும். அலகு இறுகினாலும் கை பாதுகாக்கப்படும்.

3. கோர் பிட் கிடைக்காதவிடத்து, 127 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரிதியில் 20 மி.மீ. இடைவெளியில் சிறு துளைகள் இடப்படுகின்றன. எத்தனை துளைகள் தேவை?
*விடை:* பரிதி = 22/7 × 127 ≈ 399 மி.மீ. எனவே ஏறத்தாழ 20 துளைகள்.