தூபகுண்டா பெண்கள்

ஆந்திரப் பிரதேசத்தில் நெல்லூர் மாவட்டம் உள்ளது. அங்கே தூபகுண்டா என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் பகலில் கூலி வேலை செய்தார்கள். இரவில் அறிவொளி வகுப்பில் படித்தார்கள்.

அப்போது அங்கே சாராயம் பாக்கெட்டில் வந்தது. ஊர் தேடி வந்தது. கூலிக் காசு அதற்கே போனது. வீட்டில் அடி, உதை, பட்டினி.

ஒரு நாள் பாடத்தில் ஒரு கதை வந்தது. அது சீதம்மாவின் கதை. அவள் பெண்களைத் திரட்டினாள். சாராயக்கடையை மூட வைத்தாள். படித்தவர்கள் யோசித்தார்கள். நம் வீட்டிலும் இதே கதைதான். நாமும் செய்தால் என்ன?

1992-ல் அவர்கள் ஒன்றுகூடினார்கள். ஊர்ச் சாராயக்கடையை மூட வைத்தார்கள். செய்தி ஊர் ஊராகப் பரவியது. மற்ற ஊர்ப் பெண்களும் எழுந்தார்கள். சாராயக்கடை ஏலத்தைத் தடுத்தார்கள்.

அரசு பணிந்தது. 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-ல் எல்லா மதுவுக்கும் தடை வந்தது. ஆனால் 1997-ல் அது தளர்ந்தது. சாராயத் தடை மட்டும் நின்றது. மற்ற மதுக்கடைகள் மறுபடி திறந்தன.

சட்டம் வரும், போகும். கூடிப் பேசும் பழக்கத்தை மட்டும் நாம் விடக் கூடாது.

கணக்குப் போடுவோம்

ஒரு வீட்டில் தினமும் 100 ரூபாய் குடிக்குப் போகிறது.
30 நாளில் 3,000 ரூபாய்.
365 நாளில் 36,500 ரூபாய்.

பேசுவோம்

1. அந்தப் பணத்தில் அந்த வீட்டுக்கு என்னென்ன வாங்கலாம்?
2. ஒருவர் தனியாகக் கேட்டிருந்தால் கடை மூடியிருக்குமா?
3. குடியால் நம் ஊரில் யார் யாருக்குத் துன்பம்? நாம் கூடி என்ன செய்யலாம்?