கோல்ஃப்: வளையும் பந்தும் கழித்தல் குறியும்

நண்பருடன் நந்தனம் மைதானத்தில் கோல்ஃப் ஆடத் தொடங்கியிருக்கிறேன். பந்தெல்லாம் வலப்பக்கமே வளைந்து போகிறது. டி.வி.யில் '-15' என்கிறார்களே, அது என்ன கணக்கு? - வாசகர், அம்பத்தூர்

வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவது 'ஸ்லைஸ்'. புதியவர்களில் பெரும்பாலோருக்கு வருவதுதான். பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம், மட்டை வீசப்படும் திசையைவிட வலப்புறம் திறந்திருப்பதே காரணம். முதலில் கவனிக்க வேண்டியது பிடி. குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு, மூன்று விரல்முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தால், கையைச் சற்று வலப்புறம் திருப்பிப் பிடிக்கலாம். பலருக்கு அதிலேயே வளைவு குறைந்துவிடும்.

ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்ற அளவே 'பார்'. 18 குழிகளுக்குச் சேர்த்துப் பெரும்பாலும் 72; சில மைதானங்களில் 71, 70. அதைவிடக் குறைத்து அடித்தால் கழித்தல் குறி. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மைதானத்தில் பார் 71. நான்கு சுற்றுக்கு 284. பெங்களூருவின் அதிதி அசோக் 269 அடியில் முடித்தார்: -15. வெண்கலம் வென்ற லிடியா கோ 268. தாயாரே கேடியாக மட்டைப்பையைச் சுமந்து உடன் நடக்க, 2021 ஆகஸ்ட் 7 அன்று அதிதி ஆடிய அந்தக் கடைசிச் சுற்று, இந்திய கோல்ஃபின் மகத்தான நாள்களில் ஒன்று. பதக்கம் கைநழுவியது ஒரே ஓர் அடியில்.

புதியவருக்கு, 18 குழிகளையும் 100 அடிக்குள் முடிப்பதே நல்ல ஆட்டம்.