கல்லெழுத்தைப் படமெடுத்தவர்

இன்று கைப்பேசியை உயர்த்தினால் கோபுரம் நொடியில் படமாகிறது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகக் கோவில்களைப் படமெடுக்கப் புறப்பட்ட லின்னேயஸ் டிரைப்புக்கு அது அத்துணை எளிதாக இருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த அவரை, 1856இல் சென்னை மாகாண அரசு தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. அழிந்துபோகுமுன் பழஞ்சின்னங்களைப் பதிவு செய்வதே அவருக்கு இடப்பட்ட பணி.

திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனப் பயணம் நீண்டது. பெரிய மரப்பெட்டிக் கேமராவும் இரசாயனப் பொருள்களும் உடன் சென்றன. மெழுகு பூசிய தாளை அவர் எதிர்மறைப் படத்திற்குப் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டைவிட அது சுமக்க எளிது. முன்கூட்டியே ஆயத்தம் செய்தும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். நடமாடும் மனிதர் அத்தாளில் தெளிவாகப் பதியமாட்டார். அதனால்தான் அவருடைய படங்களில் கோவில் வீதிகள் பெரும்பாலும் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. வெறுமையாகத் தோன்றும் வானத்தில் அவரே தூரிகையால் மேகங்களைத் தீட்டியதும் உண்டு! பதிவு என்பது முழு உண்மையா என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

மேகம் தீட்டிய அதே கை, தஞ்சைப் பெரிய கோவிலின் எழுத்துகளையும் பதிவு செய்தது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிச் சோழர்காலக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி அவற்றைப் படமெடுத்த டிரைப், 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்தார். அந்த நெடும்படத்தின் நீளம் ஏறத்தாழ 19 அடி. அழகிய காட்சியைத் தேடுபவர் இதற்கு இத்தனை பாடுபடமாட்டார். கல்லை ஏடாகக் கருதியவரே பாடுபடுவார்.

மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையையும் அவர் எடுத்தார். பின்னாளில் பழுதுபார்க்கப்படுவதற்கு முன், சிதைந்து நின்ற நிலையை அப்படங்களில் காணலாம். 1858இல் படங்கள் தொகுதிகளாக வெளியாயின. ஆயினும், இப்பணி வீண் ஆடம்பரம் என்று ஆளுநர் டிரெவெலியன் கருதினார். 1860இல் ஒளிப்பட அலுவலகம் மூடப்பட்டது. அதன்பின் டிரைப் எடுத்த படங்கள் மிகச் சிலவே.

பயிற்சி

1. டிரைப் மெழுகுத்தாளைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் யாது?

2. ‘வீண் ஆடம்பரம்’ என்ற ஆளுநரின் கருத்துக்கு மறுமொழியாக ஐந்து தொடர்கள் எழுதுக.

3. பாறசாலைக்கு அப்பால், தமிழக எல்லைக்குள் உள்ள சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அங்கே ஒரே ஒரு படம் எடுக்க உனக்கு வாய்ப்புக் கிடைத்தால் எதை எடுப்பாய்? ஏன்?