150 டாலர் கைத்துப்பாக்கி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தெருவில் இரண்டு கார்களின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள், வீட்டில் பயப்படுகிறார்கள், டல்லாஸ் கடையொன்றில் பேன்ட் பைக்குள் அடங்குகிற .380 பிஸ்டல் 150 டாலருக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். நீ எந்தப் பொருளையும் நாலு இடம் விசாரித்து வாங்குகிறவன். காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் உன் மனம் ஒப்பாது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டதால் உன்னைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்காது. டெக்சாஸிலோ 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பியவர், குற்றப் பின்னணி போன்ற தடைகள் இல்லாவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் உன்னோடு சேர்ந்து தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்கிற உன் நண்பன் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறான் என்றால் அவனை உடனே நிறுத்து. அப்படிப்பட்ட தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அங்கே கூட்டாட்சிக் குற்றம். வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாடு கடத்த முடியும். இத்தனை வருடம் கட்டிய வாழ்க்கையை யாரும் 150 டாலருக்குப் பணயம் வைக்கக் கூடாது.

இனி பொருளுக்கு வருகிறேன். தற்காப்புக்கு வாங்குகிற கைத்துப்பாக்கிக்கு இரண்டு கடமைகள். விசையை அழுத்தினால் வெடித்தே ஆக வேண்டும். அழுத்தாதபோது, கீழே விழுந்தாலும் எதில் இடித்தாலும், வெடிக்கவே கூடாது. நல்ல எஃகு, துல்லியமாகக் கடைந்த பாகங்கள், தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசியை விழும்போது பிடித்து நிறுத்தும் சின்னத் தடுப்பு என்று உற்பத்திச் செலவில் கணிசமான பகுதி இந்த இரண்டு கடமைகளுக்குத்தான் போகிறது. விலையைக் குறைக்க நினைக்கிறவன் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான். இது என் ஊகமில்லை. 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான சிறு பிஸ்டல்களின் இறக்குமதியைத் தடுத்தது, உள்நாட்டில் செய்வதை விட்டுவிட்டது. அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், பிரைகோ, லார்சின், டேவிஸ் என்று வரிசையாக நிறுவனங்கள் முளைத்தன. எஃகைக் கடைவதற்குப் பதில் துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்து லட்சக்கணக்கில் சிறு பிஸ்டல்களை விற்றன. மருத்துவரும் ஆய்வாளருமான கேரன் வின்டமியூட் 1994-ல் இவற்றை ஆராய்ந்து எழுதி, ‘நெருப்பு வளையம்’ என்று பெயரிட்டார்.

அதே 1994-ல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு விபத்தை நீ அவசியம் அறிந்திருக்க வேண்டும். பிரைகோ பிஸ்டலில் இருந்த தோட்டாவை வெளியே எடுக்க இருபது வயது இளைஞர் ஒருவர் முயன்றார். இத்தகைய பிஸ்டலில் மேகசினை உருவிவிட்டாலும் குழலின் பின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேல்பகுதியைப் பின்னால் இழுத்தால்தான் அது வெளியே வரும். அந்த மாடலில் சேஃப்டியை ‘சுடத் தயார்’ நிலைக்குத் தள்ளினால் மட்டுமே மேல்பகுதி நகரும். அதாவது துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் காலி செய்வதற்கே அதன் பாதுகாப்பை நீக்க வேண்டும். அப்படி நீக்கியபோது குண்டு பாய்ந்து, அங்கிருந்த 7 வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். சேஃப்டி போட்டபடி தோட்டா ஏற்றினால் சிக்கிக்கொள்கிறது என்ற குறையைச் சரிசெய்யாமல், அப்படி ஏற்றவே முடியாதபடி வடிவத்தை மாற்றிக் குறையை மறைத்தார்கள் என்று அவன் தரப்பு வழக்கில் வாதிட்டது. 2003-ல் நடுவர் குழு, துப்பாக்கித் தரப்பு மட்டும் ஏறத்தாழ 2.4 கோடி டாலர் தர வேண்டும் என்றது. நிறுவனம் திவாலானது. அங்கே வேலை பார்த்த ஒருவரே அதன் சொத்துகளை ஏலத்தில் எடுத்து, வேறு பெயரில் அதே பாணிப் பிஸ்டல்களைத் தொடர்ந்து விற்றார். அந்த இரண்டாவது நிறுவனமும் 2020-ல் திவாலானது. மலிவு என்பதற்குள் இதுவும் அடங்கியிருக்கிறது: பொருள் பழுதுபட்டுக் கேட்கப்போகிற நாளில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டான்.

அரசாங்கம் சோதித்துத்தானே விற்க அனுமதிக்கும் என்று நீ நினைக்கலாம். நம்மில் பலருக்கும் அந்த எண்ணம் உண்டு, அது தவறு. 1972-ல் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கியபோதே துப்பாக்கியை அதன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். உன் மகள் விளையாடுகிற பொம்மைத் துப்பாக்கிக்கு அந்த ஆணையம் விதி வகுக்கலாம், நிஜத் துப்பாக்கி பக்கம் போக முடியாது. கலிபோர்னியா 2001 முதல், விற்பனைக்கு வரும் கைத்துப்பாக்கி மாடல்கள் 600 தோட்டாக்கள் சுட்டும் கீழே போட்டும் தேற வேண்டும் என்று வைத்திருக்கிறது. அத்தகைய சோதனை டெக்சாஸில் கிடையாது. செய்தவனைத் தவிர்த்தால், நீ கையில் எடுக்கிற 150 டாலர் பிஸ்டலைச் சோதிக்கப்போகிற முதல் ஆள் நீதான்.

இப்போதெல்லாம் நல்ல நிறுவனங்களே சின்ன பிஸ்டல் செய்கின்றன என்று நீ சொன்னால், அது உண்மைதான். ரூகர் 2008-ல் கொண்டுவந்த எல்சிபி, தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம்தான். கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்ததும் அந்த ஆண்டிலேயே திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தார்கள். பெயருள்ள நிறுவனமே முதல் முறை தவறியது என்பதையும், தவறியதை ஏற்றுத் திருத்த அதனிடம் பணமும் மானமும் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார். ஆனால் நல்ல நிறுவனம் செய்தாலும் சிறிய துப்பாக்கியின் இயல்பு மாறாது. மூன்று அங்குலத்துக்கும் குறைந்த குழல், இரண்டு விரல் மட்டுமே பிடிக்கிற கைப்பிடி, அற்ப எடை. வெடிக்கும் விசையை வாங்கிக்கொள்ள உடம்பு இல்லாததால் அத்தனையும் உன் மணிக்கட்டில் அடிக்கும். பிடி தளர்ந்தால் மேல்பகுதி முழுதாக ஓடாமல் அடுத்த தோட்டா சிக்கும். குறிபார்க்கும் முள்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் கை மயிரிழை அசைந்தாலும் குண்டு பல அங்குலம் விலகும். சின்னதாக இருப்பதால் புதியவருக்கு ஏற்றது என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். நேர்மாறானது உண்மை. அதிகக் கைப்பழக்கம் கேட்கிற வகை இது. விலகிய குண்டு வீட்டுச் சுவரில் நிற்காது. அங்கே உள்சுவர் செங்கல் அல்ல, மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பக்கத்து அறைக்கும் அதைத் தாண்டியும் போகும்.

கைப்பழக்கம் பணத்தால் வருவது. ஒரு தற்காப்புத் துப்பாக்கியை நம்புவதற்கு முன் இருநூறு தோட்டாக்களாவது சுட்டுப் பார் என்பது அனுபவசாலிகள் பொதுவாகச் சொல்வது. .380 தோட்டா பெரும்பாலும் 9 மி.மீ. தோட்டாவைவிட விலை கூடுதல். 50 கொண்ட பெட்டி இருபது டாலரை ஒட்டி வரும். முதல் இருநூறிலேயே பிஸ்டல் விலையில் பாதிக்கு மேல் போய்விடும். பிறகு பயிற்சி வகுப்பு, சுடுகளக் கட்டணம், விசையை மூடுகிற உறை, பூட்டுப் பெட்டி. உறையில்லாமல் சாவிக்கொத்தோடு பையில் போட்டுக்கொண்டு திரிவது தொடையில் குண்டு வாங்குகிற வழி. 150 டாலரைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் செலவுகளைச் செய்வதில்லை. கையில் பழகாத, சோதிக்காத துப்பாக்கி இழுப்பறையில் கிடக்கிறது, வீட்டுக்காரர் பத்திரமாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

நீ சொல்லப்போகிற பதில் தெரியும்: ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல். அப்படியானால் அந்த ‘ஏதோ ஒன்று’ வீட்டுக்குள் வந்ததும் என்ன செய்கிறது என்று பார். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வீதம், வைத்திராத ஆண்களுடையதைப் போல எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. சாக நினைத்தவர்கள்தான் போய் வாங்கியிருப்பார்கள் என்பது நியாயமான சந்தேகம், வாங்கிய சில நாள்களில் இறந்தவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல், வாங்கி ஓராண்டு கழித்து நடந்தவை. திருடனுக்காக வந்த துப்பாக்கி, வேலை போன மாதத்திலும், தூக்கம் கெட்ட இரவிலும் அதே இழுப்பறையில்தான் இருக்கும். அதே ஆய்வாளர்கள் 2022-ல் இன்னொன்றைக் காட்டினார்கள்: தாம் துப்பாக்கி வைத்திராமல், துப்பாக்கிக்காரரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையுண்ட வீதம், துப்பாக்கியில்லாத வீட்டில் வாழ்பவர்களுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். கணவனோ துணையோ சுட்டு இறந்த கணக்கை மட்டும் எடுத்தால் ஏழு மடங்கு. உங்கள் வீட்டைப் பற்றி நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் இருக்கிற எந்த வீடும் வாங்குகிற அன்று தன்னைப் பற்றி அப்படி நினைத்திருக்காது.

எதிர்க்கணக்கும் உண்டு. கேரி கிளெக் என்ற பேராசிரியர் 1995-ல், ஆண்டுக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள் என்று தொலைபேசிக் கணக்கெடுப்பிலிருந்து மதிப்பிட்டார். குற்றத்துக்கு ஆளானவர்களை அரசே தொடர்ந்து விசாரிக்கும் கணக்கெடுப்பில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே நிற்கிறது. எந்த எண்ணை ஏற்றாலும் துப்பாக்கி ஒருபோதும் உயிரைக் காப்பதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் இரவெல்லாம் தனியாகப் பணப்பெட்டியோடு உட்காருகிற மனிதருக்கும், மிரட்டும் முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழ்கிற பெண்ணுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். மலிவுத் துப்பாக்கியைத் தடைசெய்தால் ஏழையின் தற்காப்பு பறிபோகிறது என்று வாதிடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அது உரிமை பற்றிய வாதம். உனக்கு உரிமை இருக்கிறது, நீ ஏழையுமல்ல. உன் கேள்வி இந்தப் பொருள் உன் வீட்டுக்கு வேண்டுமா என்பதுதான். உன்னிடம் வந்த ஆபத்தோ ஆளில்லாத காரின் கண்ணாடியை உடைத்தவனிடமிருந்து. அவன் அங்கே தேடுகிற பொருள்களில் துப்பாக்கியும் ஒன்று. திருட்டுப்போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்தே போகிறது.

பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்துக்கொள்கிறேன் என்பாய். நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் அப்படித்தான் வைக்க வேண்டும். கவனக்குறைவாக விட்டதால் தோட்டா ஏற்றிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டத்தில் அதுவே குற்றம். ஆனால் பெட்டிக்குள் இருக்கப்போகிற பொருளுக்குச் சிறிதாக இருப்பதால் என்ன லாபம்? பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகத்தானே குழலையும் பிடியையும் எடையையும் இழக்கிறாய். வீட்டுக்குத்தான் என்றால் இந்த மாடலைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் மிச்சமில்லை.

அந்த 150 டாலருக்கு வாசற்கதவின் தாழ் விழுகிற இரும்புத் தகட்டை மூன்று அங்குலத் திருகாணியால் சட்டத்தின் உள்மரம் வரை இறக்கு, காரை நிறுத்துமிடத்தில் ஆள் நடமாடினால் எரியும் விளக்குப் போடு, காருக்குள் பையோ மடிக்கணினியோ தெரிய விடாதே. இதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால், வாங்குவதற்கு முன் ஒரு தொடக்க வகுப்பில் இருவரும் சேருங்கள். அங்கே வாடகைக்குத் தருகிற நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலையும் இந்தக் குட்டியையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். பெயருள்ள நிறுவனத்தின் நல்ல பிஸ்டல், விரைவாகத் திறக்கும் பெட்டகம், பயிற்சி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரை நெருங்கும். அவ்வளவு செலவழிக்கத் தகுந்த ஆபத்து இல்லை என்று தோன்றினால், துப்பாக்கி வாங்கத் தகுந்த ஆபத்தும் இல்லை. உன் மனைவி என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவே இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கும் படிக்கக் கொடு, அவள் கருத்தைக் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மாமா