தியலுமவுக்குப் போகும் பேத்திக்கு

தாயி, திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு என்று சிரிக்கிறாய். நான் 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எண்ணிவைத்த 5,25,000 தலைகளில் என் தலையும் ஒன்று. மூட்டையோடு அரிமளத்துக்கு வந்தோம். நான் பிறந்தது கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அந்தப் பக்கத்துத் தியலும அருவியில்தான் நீ குளிக்கப் போகிறாயாம். போ. அதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்.

1. போனதும் இறங்காதே. கரையில் கால் மணி நேரம் சும்மா உட்கார். ஊர்க்காரர்கள் எங்கே குளிக்கிறார்கள், எந்த இடத்தை ஒதுக்கிவிட்டுப் போகிறார்கள் என்று பார். தியலுமவின் உயரம் 220 மீட்டர். அதன் தலைமாட்டில் பாறைக் குளங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடைசிக் குளத்துக்கு அப்பால் வெறும் காற்றுதான். அங்கே ஈரப்பாறையில் செருப்போடு நிற்காதே, வெறுங்காலோடு ஓடாதே.

2. ரோஷத்தைக் கரையிலேயே கழற்றி வை. தோட்டத்தில் அப்போது எனக்குப் பதினான்கு வயது. மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு ஐந்தாறு பேர் ஓடைக்குப் போனோம். சின்ன அருவிதான், இரண்டாள் உயரம். பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி, “உனக்குப் பீலியில் குளிக்கத்தான் தைரியம்” என்றாள். பீலி என்றால் லயத்துப் பக்கம் தண்ணீர் வந்து விழும் குழாய். அவ்வளவுதான், அருவி விழும் இடத்துக்கே நீந்திப் போனேன். நுரை வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி இருந்தது. பஞ்சு மாதிரியேதான் ஆளையும் தாங்கவில்லை. நுரையில் பாதி காற்று. கையை வீசினால் பிடிப்பே இல்லை. விழுகிற தண்ணீர் அடியில் போட்டுச் சுழற்றி, மறுபடி அருவிக்கே இழுத்தது. கூட வந்திருந்த என் பெரியம்மா உள்ளே குதிக்கவில்லை. தன் கூடைக் கயிற்றின் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு கூடையை வீசினாள். இரண்டாவது வீச்சில் மூங்கில் விளிம்பு என் விரலில் பட்டது. நகம் பெயர்ந்து போனது; அதை விடவில்லை. கரையேற்றியதும் திட்டவில்லை, அடிக்கவில்லை. “கூடை நனைஞ்சு போச்சு, நாளைக்கு உன்னுதைக் குடு” என்றாள். இன்றைக்கும் வலது கை மோதிர விரல் நகம் கோணல்தான், நீ பார்த்திருக்கிறாய்.

3. உன் தலைக்கு மேலே வெயிலடித்தால் போதாது, மலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று கேள். நம் ஊரில் மழை பெய்து, வரத்துக்கால் நனைந்து, கண்மாய் பெருக நாளாகும். அங்கே அரை மணி கூடப் பொறுக்காது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாய் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ துணிமணியைத் தேடாதே. ஏறிவிடு. செல்போன் போனால் இன்னொன்று வாங்கலாம்.

4. அட்டைக்கு அலறாதே. சிங்கராஜ வனத்துக்கும் போவதாய்ச் சொன்னாய். அங்கே ஈர இலைக்கு இலை அது இருக்கும். துணியில் உப்பு முடிந்து கொண்டுபோ. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவர் முன்னால் நட, பின்னால் நட என்றால் அப்படியே நட.

5. எல்லாம் தெரியும் என்று எந்தத் தண்ணீரிடமும் சொல்லாதே. அருவி பார்த்தவள் என்ற திமிரில் அரிமளத்துக் கண்மாயைப் பார்த்து, “இதுவும் ஒரு தண்ணியா” என்று நான் சிரித்தேன். முதல் வருஷமே மடைப் பக்கம் இறங்கிச் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்றேன். மாடு குளிப்பாட்ட வந்த பத்து வயதுப் பையன், “அசையாம நில்லுக்கா” என்று சொல்லி மாட்டுக் கயிற்றை நீட்டினான். நீ நீந்தப் பழகியது ஊருணியில், டியூப்பைக் கட்டிக்கொண்டு. ஓடுகிற தண்ணீரை அது உனக்குச் சொல்லித் தரவில்லை.

6. கொஸ்லந்தை வழியாகப் போனால் மீரியபெத்தை எந்தப் பக்கம் என்று விசாரி. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை அப்படியே மூடியது. நம் சனங்கள். அந்தச் சரிவு ஆபத்தென்று வருஷங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்களாம். சொன்னவர்கள் சொன்னார்கள், லயங்கள் அங்கேயே இருந்தன. செய்தி பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காதே. கடையில் தேத்தண்ணி வாங்கிக் குடி, தமிழில் பேசு, அப்பத்தா இந்தப் பக்கத்துக்காரி என்று சொல். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போய் உட்கார். பீலி ஓடுகிறதா என்று மட்டும் எனக்காகப் பார்த்துவிட்டு வா.

அருவிப் படம் அனுப்பு. விளிம்பில் நீ நிற்கும் படம் வேண்டாம். கீழே ரோட்டிலிருந்து எடுத்தது போதும்.