எத்தியோப்பியரின் காரத் தக்காளிப் பச்சடி

அடுப்பின்றி ஆகும் உணவு எளிதென்று எண்ணுவது வழக்கம். ஆனால் அடுப்பு பல குறைகளை மறைத்துவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. சுவையற்ற பழத்தையும் வதக்கி, புளியும் உப்பும் கூட்டி உண்ணத்தக்கதாக்கிவிடலாம். பச்சையாகப் பரிமாறும் பச்சடியில் அந்த வசதி இல்லை. பழத்தின் தரமும் செய்பவரின் கவனமும் அதில் அப்படியே வெளிப்படும். எத்தியோப்பியாவில் ‘திமாதிம் சலாட்டா’ என வழங்கும் காரத் தக்காளிப் பச்சடி இதற்குத் தக்க சான்றாகும். விளைவிப்போரும் உண்போருமாகிய அங்கத்தினர்கள் இதனைக் கற்பது பயனுடைத்து.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்த மக்கள் ஆண்டில் ஏறத்தாழ 180 நாள்கள் நோன்பு காக்கின்றனர். பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகளும், ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய 55 நாள்களும் இவற்றுள் அடங்கும். அந்நாள்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் யாவும் விலக்கு. பருப்புக் குழம்பும் காய்கறியுமே உணவு. அவற்றின் பக்கத்தில் புளிப்பும் குளிர்ச்சியும் தருவது இப்பச்சடி. ஆகவே இதில் தயிர் சேர்வதில்லை.

பழத்தைத் தேர்தல்

ஆடிஸ் அபாபாவுக்குத் தெற்கே, பிளவுப் பள்ளத்தாக்கிலுள்ள மெக்கி, பட்டு என்னும் ஊர்களைச் சுற்றி, பாசன நிலங்களில் தக்காளியும் வெங்காயமும் விளைகின்றன. அங்குள்ள உழவர் சங்கங்கள் இணைந்து ஒரு கூட்டுறவு ஒன்றியமாகவும் இயங்குகின்றன. எந்நாட்டிலும் தக்காளி உழவருக்குள்ள இடர் ஒன்றே: தொலைவுக்கு அனுப்பும் பழத்தைச் செங்காயாகவே பறிக்க வேண்டும், கனிந்ததைப் பறித்தால் வழியில் நசுங்கிவிடும். குழம்புக்குச் செங்காய் போதும். பச்சடிக்கோ செடியிலேயே நன்கு சிவந்து, அழுத்தினால் சற்றே நெகிழும் கெட்டிப் பழம் வேண்டும். அருகில் விளைந்து அன்றே வந்த பழத்துக்கு ஈடில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மணம் குறையும். நிழலில் வைப்பதே நன்று.

தேவையானவை (நால்வருக்கு)

தக்காளி 500 கிராம். சின்ன வெங்காயம் 100 கிராம். பச்சை மிளகாய் 2. பூண்டு 1 பல். எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எண்ணெய் 2 மேசைக்கரண்டி. உப்பு முக்கால் தேக்கரண்டி. பெர்பெரே பொடி அரைத் தேக்கரண்டி.

பெர்பெரே என்பது எத்தியோப்பியரின் மிளகாய்ப் பொடி. காய்ந்த மிளகாய் 10, கொத்தமல்லி விதை 1 தேக்கரண்டி, வெந்தயம், ஓமம், மிளகு தலா கால் தேக்கரண்டி, கிராம்பு 2, ஏலக்காய் 2 ஆகியவற்றை இளஞ்சூட்டில் வறுத்து, கால் தேக்கரண்டி சுக்குப் பொடி கூட்டி, நைய அரைத்தால் அதனை ஒத்த பொடி கிட்டும். அங்கே ஏலத்துக்குப் பதில் ‘கொரரிமா’ என்னும் அதன் இனவிதை சேரும். பச்சடியில் இப்பொடி மறுபடி வேகப் போவதில்லை. ஆதலால் வறுப்பில் பச்சை வாடை நீங்கியிருத்தல் இன்றியமையாதது. வெந்தயம் கருகினால் முழுவதும் கசக்கும். பெர்பெரே இன்றிப் பச்சை மிளகாயை மட்டும் கொண்டு செய்வோரும் அங்கு உண்டு.

செய்முறை

கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தை எடுத்துக்கொள்க. புளிப்பு அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் அரிக்கும். மெல்லியதாக அரிந்த வெங்காயம், மிளகாய், நசுக்கிய பூண்டு, பெர்பெரே, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் ஆகியவற்றை அதில் கலந்து 15 நிமிடம் ஊறவிடுக. வெங்காயத்தின் நெடி தணியும். பொடி எண்ணெயில் இறங்கும். தக்காளியை நல்ல நீரில் கழுவி, ஈரம் துடைத்து, சிறு துண்டுகளாக நறுக்கித் தனியே வைத்திருக்க. உண்ண அமரும் வேளையில்தான் தக்காளியையும் உப்பையும் சேர்த்துக் கிளற வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. உப்புப் பட்டவுடன் தக்காளியிலிருந்து நீர் வெளியேறத் தொடங்குகிறது. முன்கூட்டியே உப்பிட்டால் துண்டுகள் தொய்ந்து, காரமும் புளிப்பும் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும்.

அதே சாறு, மற்றோர் உணவு

ஆனால் பச்சடிக்குக் கேடாகும் இச்சாற்றையே எத்தியோப்பிய இல்லங்கள் ‘திமாதிம் ஃபிட்ஃபிட்’ என்னும் மற்றோர் உணவுக்குப் பயன்படுத்துகின்றன. ‘டெஃப்’ என்னும் நுண்தானிய மாவைப் புளிக்கவைத்து, ஒரு புறம் மட்டும் வேகச் சுடும் ‘இன்ஜிரா’ அவர்களது அன்றாட உணவு. முந்தைய நாள் மீந்த இன்ஜிரா உலர்ந்து போயிருக்கும். அதனைக் கிழித்து, உப்பிட்டுச் சாறு விட்ட பச்சடியில் இட்டால், சாற்றை உறிஞ்சி மென்மை பெறுகிறது. தொடுகறியாயிருந்தது, நோன்பு நாளில் ஒரு குடும்பத்தின் முழு உணவாகிறது. அந்நாட்டின் சில பகுதிகளில் கேழ்வரகிலும் இன்ஜிரா சுடுவதுண்டு. ஆகவே நம் வீட்டில் மீந்த கேழ்வரகுத் தோசையைக் கொண்டும் இதனைச் செய்து பார்க்கலாம்.

கற்க வேண்டியது யாதெனில், பச்சடியாக உண்பதானால் உப்பு கடைசியில். ஃபிட்ஃபிட் ஆக்குவதானால் 10 நிமிடம் முன்னதாக. இவ்வொரு விதியை அறிந்த இல்லத்தில் கனிந்த பழமும் வீணாகாது, நேற்றைய உணவும் வீணாகாது.